அப்படி யாரும் இங்கே இல்லை

உம்மாவுக்கு மூளையில் மறுபடியும் இரத்தக் கசிவு என்று தங்கை ரமீஸா இலங்கையிலிருந்து அழைத்தபோது, ஜபீன் இந்தியக் குடிமகளாகி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

"ராத்தா, உம்மா கண்ணத் தொறந்தா ஒங்களத்தான் தேடுறா. எப்ப வாறீங்க?"

எப்படிப் போவாள் ஜபீன்? துபாயில் தன்னோடு ஒரே கடையில் வேலை பார்த்த பழவேற்காட்டு முஸ்தபாவைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டிக்கு வந்தவள். சிப்காட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நைட்டி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். குடியுரிமைக்கு மனுப்போட்டுப் பதினோரு ஆண்டு காத்திருந்தாள். திருவள்ளூரில் உறுதிமொழி சொல்லிச் சான்றிதழ் வாங்கிய வாரமே இலங்கை பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டாள், சட்டம் அப்படி. பழைய நாட்டுக்கு அவள் இனி அந்நியப் பெண். புதிய நாட்டுக்குச் சொந்தப் பெண்தான், ஆனால் கையில் பாஸ்போர்ட் இல்லை. சான்றிதழைக் காட்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

அன்று மாலை முஸ்தபா செல்போனில் பார்த்துச் சொன்னான். சான்றிதழ் வந்ததுமே அவள் போட்டிருந்த இந்திய பாஸ்போர்ட் மனு நின்றுவிட்டது. போலீஸ் அறிக்கை: 'விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை.'

"யாரு வந்தது? யாருகிட்ட கேட்டாங்க?" என்று ஜபீன் வாசலில் நின்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஹெலன் மெல்ல வெளியே வந்தாள்.

"போன செவ்வாக்கெழம நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தியே, அப்ப ஒருத்தன் வந்தான். சிலோன்காரி ஜபீன் ஊடு எதுன்னு கேட்டான். நான்தான் அப்டி யாரும் இங்க இல்ல சார்ன்னு சொன்னேன்."

அது அந்த லைனில் இருந்த எட்டு வீட்டின் வழக்கம். ஒருமுறை ஜபீனின் விசாவைப் புதுப்பிப்பது தாமதமானதற்காக முஸ்தபாவை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, அதிகாரத் தோரணையோடு எவன் வந்து கேட்டாலும் ஜபீனை யாருக்கும் தெரியாது. மூன்று முறை அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

"நான்தான் இந்தியாக்காரி ஆயிட்டனேடி!"

"அதுக்கு பிரியாணி குடுத்த, துன்னோம். இனிமே போலீஸ்காரன் கேட்டா நெசத்தச் சொல்லுங்கன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. அது யாருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் ஜபீனும் ஹெலனும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். விசாரித்து அறிக்கை எழுதிய போலீஸ்காரர் ஜனார்தனன் அங்கே இருந்தார்.

"நான்தான் சார் பொய் சொன்னேன், என்னை உள்ள போடுங்க" என்றாள் ஹெலன்.

"பொய் சொன்னவங்கள எல்லாம் உள்ள போட்டா ஸ்டேஷன்ல நான் நிக்க எடம் இருக்காதும்மா. ரிப்போர்ட் போயிடுச்சு. பாஸ்போர்ட் ஆபீஸ்லேர்ந்து மறுபடி ஆர்டர் வரணும், மறுபடி நான் வரணும்."

"மனுவுல என் போன் நம்பர் இருக்குதே சார். ஒரு போன் போட்டிருக்கலாமே?" என்றாள் ஜபீன்.

"எல்லாருக்கும் போன் போட்டுக்கினே இருந்தா வேலை ஆவுமா?"

"எங்கம்மா சாவக் கெடக்குறாங்க சார்."

"எல்லாம் விதிம்மா."

விதியாம். விதியா வண்டியில் வந்து, ஒரே ஒருத்தியிடம் ஒரே கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பியது? விதியா அறிக்கையில் கையெழுத்துப் போட்டது? மனிதன் செய்த அலட்சியத்தை வானத்தின் தலையில் கட்டுவதைவிடச் சௌகரியமான ஏற்பாடு இந்த நாட்டில் இல்லை. ஏமாந்தவள் அழுவாள், செய்தவன் தேநீர் குடிக்கப் போவான்.

ரமீஸா அழைத்த நான்காம் நாள் உம்மா இறந்தாள். ரமீஸா செல்போனைப் பிடித்துக்கொள்ள, ஜபீன் அந்த முகத்தைத் திரையில் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அதற்கு ஐந்து நாள் கழித்து ஜனார்தனன் வந்தார். "ஆர்டர் வந்துடுச்சும்மா. அவசரம்னியே, அதான் ஒடனே வந்தேன்."

"அம்மாவ அடக்கம் பண்ணி அஞ்சு நாளாச்சு சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப மனுவ வாபஸ் வாங்கிக்கிறியா?"

ஜபீன் வாசல் கதவை முழுக்கத் திறந்தாள். "எதுக்கு வாபஸ்? சாவு ஊட்டுக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் பாஸ்போர்ட் குடுப்பீங்களா? உள்ள வாங்க. உக்காந்து எழுதுங்க. எழுதினத வாய்விட்டுப் படிங்க, அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் உட்கார்ந்தார். எழுதினார். படித்தும் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள், திருத்தினார். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஹெலன் பேனாவை வாங்கினாள், தாளைத் தொடவில்லை. ஜபீனின் காதருகே குனிந்தாள்.

"போட்டா உனக்கு ஒண்ணும் ஆவாதே?"

ஆகாது என்று அடித்துச் சொல்ல முடியுமா? பத்தொன்பது ஆண்டுப் பயத்தை ஒரு சான்றிதழ் துடைத்துவிடுமா?

"எதுனா ஆச்சுன்னா பாத்துக்கலாம்" என்றாள், ஜனார்தனனுக்குக் கேட்கும்படி. "நான் இங்கதான் இருக்கேன்னு எழுதிப் போடுடி."