ரெஜினா அக்காவுடன் ஒரு காளான் கூட்டம்

செய்தி ரெஜினா அக்காவின் தம்பி அன்ரனிடமிருந்து வந்தது. தானாக யாருக்கும் ஃபோன் செய்யாத மனிதர். நான் மருந்தகத்தைத் திறந்துகொண்டிருந்தேன்.

"மாலதி, அக்கா எழும்பேல்லை," என்றார். எனக்குப் புரியவில்லை. "வேலைக்கு நேரமாகுதெண்டு போய்க் கதவைத் தட்டினன். அம்புலன்ஸ்காரர் வந்து பாத்திட்டினம். ஹார்ட் எண்டு சொல்லுகினம்."

பிறகும் இருவரும் ஃபோனை வைக்கவில்லை.

ரெஜினா அக்காவை உங்களில் பலருக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் தெரியும். சிலருக்கு மனநலத் தாதியாகத் தெரியும். மன்னாரிலிருந்து வந்து, இந்த நகரின் மாசிப் புறநகரில் தம்பி அன்ரனோடு வாழ்ந்தவர். நான் திருச்சிக்காரி, மவுண்ட் ஆல்பர்ட்டில் மருந்தாளர். ஒரு நோயாளியின் மாத்திரையைப் பற்றி ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டதுதான் எங்கள் முதல் பழக்கம். யார் சொன்னது சரி என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

உங்களில் யாரும் அறிந்திராத ஒரு மாலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்ரன் போரின் கடைசி மாதங்களைக் கடந்து வந்தவர். எத்தனையோ மாத்திரைகள் மாற்றிப் பார்த்தும் தூக்கம் வரவில்லை. மேஜிக் காளான் போன்ற, மனமயக்கம் தரும் சைகடெலிக் மருந்துகள் மனக்காயத்தை ஆற்றும் என்று இணையத்தில் படித்துவிட்டு, தெரிந்த ஒருவர் மூலம் கள்ளத்தனமாக வாங்கப் போவதாக அக்காவிடம் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அக்கா, "நான் போய் விசாரிச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் பொறு," என்றாராம்.

எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில், சைகடெலிக் பண்பாடும் வணிகமும் பற்றிச் சிறு கூட்டம் நடக்கப்போவதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். "மாலதி, நீரும் வாரும். மருந்து தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருக்கிறது நல்லம்."

கோடைக்காலம். வேலை முடிந்து போனபோதும் வெயில் இறங்கவில்லை. இந்த நாட்டு வழக்கப்படி மாவோரி மொழிப் பிரார்த்தனையோடு கூட்டம் தொடங்கியது. இறகுத் தோடு அணிந்த ஒரு பெண், காடுகளில் நடக்கும் சடங்குகளைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். அவருக்கு அடுத்து ஓர் இளைஞர், இந்தச் சந்தை எவ்வளவு வேகமாக வளரும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டினார்.

"ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் கடை. நல்லா இருக்குக்கா," என்று நான் அவர் காதில் சிரித்தேன்.

"எங்கட மடு மாதா கோயில் பெருநாளுக்கு வந்து பாரும். அங்கயும் அப்பிடித்தான். அதுக்காக மாதா இல்லையெண்டு ஆகுமே?" என்றார். சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்து வெளியே போனது. வேலை பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர். அக்கா திரும்பிப் பார்த்தார். தட்டில் இரண்டு சாண்ட்விச்சை எடுத்து வைத்துக்கொண்டு அவரும் போனார். வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனபோது, கார் நிறுத்துமிடத்தின் ஓரக் கல்லில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனிதர் அழுதுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளிநாடு ஒன்றில் அப்படியொரு சடங்குக்குப் போய் வந்தவராம். இறந்துபோன மகளை அங்கே பார்த்தேன் என்றார். "மோசமான அனுபவம் இல்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான். ஆனால் ஊருக்கு வந்தபிறகு யாரிடம் சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அழுதார்.

அது உண்மையா, மயக்கமா என்று அக்கா விசாரிக்கவில்லை. மகள் எந்த உடுப்புப் போட்டிருந்தாள் என்று கேட்டார். அந்த மனிதரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மஞ்சள் மழைக்கோட்டு என்று தொடங்கி, நிறுத்தாமல் பேசினார். அவருடைய தங்கையை ஃபோனில் அழைத்து, அந்தப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அக்கா அந்தக் கல்லைவிட்டு எழவில்லை. உள்ளே கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள்.

"நீங்க விசாரிக்க வந்தது என்னாச்சு?" என்றேன் காரில்.

"விசாரிச்சாச்சுத்தானே," என்றார். "மருந்து ஏதோ செய்யுது, மாலதி. பிறகு இருந்து கேக்கத்தான் ஆளில்லை. மேடையில பேசின அந்தப் பிள்ளையள் பொய்யும் சொல்லேல்லை. அவைக்கும் ஆரையாவது சுகப்படுத்த ஆசைதான்."

அன்றிரவு அக்கா வீடு திரும்பியபிறகு நடந்ததை, அடக்கம் முடிந்து எல்லாரும் போனபிறகு அன்ரன் சொன்னார். அன்று அவர் சமையலறையிலேயே காத்திருந்தாராம். அக்கா பார்த்ததையெல்லாம், நல்லதைக்கூட, மறைக்காமல் சொன்னாராம்.

"அப்ப எனக்குச் சரிவருமோ?"

"எனக்குத் தெரியாது, அன்ரன்."

"நேர்ஸாயிருந்து தெரியாதெண்டுறாய்!" என்று இவர் கத்தியிருக்கிறார். அக்கா பதிலுக்குக் கத்தாமல், "உனக்கு அதில என்னத்தைக் காணவேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று அக்காவுக்குச் சொன்ன பதிலை அன்ரன் எனக்கும் சொன்னார். "அம்மான்ர முகம் மறந்துபோச்சு, மாலதி. படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அதை ஆருக்கும் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவைச் சொல்லத் தொடங்கினாராம். மூக்கின் பக்கத்து மச்சம். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவது. கோபம் வந்தால் ஒரு புருவம் மட்டும் ஏறுவது. "எனக்கு முகம் முழுசா வரேல்லை. புருவம் வந்தது," என்றார் அன்ரன். அன்றிலிருந்து இருவரும் தினமும் அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

அவர் அந்தக் காளானை இதுவரை எடுக்கவில்லை. எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்றைக்காவது மருத்துவமனை வழியாக முறைப்படி கிடைத்தால் தானும் கூடவே வந்து இருப்பதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாராம். "இனி ஆர் வருவினம்?" என்றார். நான் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை; ஆனால் இப்போதும் அதையே சொல்வேன்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பழக்கம் வந்துவிடும். எனக்கும் இருந்தது. போன வாரம் ஒரு பெண், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று குனிந்து, தன் கணவருக்கு இந்தக் காளான் உதவுமா என்று கேட்டார். முன்பென்றால் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது, "எனக்குத் தெரியலம்மா," என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவர் எப்படி இருக்கார்? சொல்லுங்க."

ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.