எந்த வரியிலும் இல்லாத பதில்

திண்டிவனம் கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைக்கிற இடம் அது. நெல் வரும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வரும், உளுந்து வரும். எது வந்தாலும் முதுகுக்கு ஒன்றுதான். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் தெரியும், அது இங்கிலீஷ் என்று. அவ்வளவுதான்.

எனக்கு ஒரே பெண். அப்போது பத்தாவது படித்தாள்.

எங்கள் தெருவில் படிப்பு என்றால் சத்தம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் குரல் கேட்கும். யார் குரல் பெரிதோ அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கிற பிள்ளை. அப்பன் ஆத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. காதால்தான் காவல் காக்க வேண்டும். நானும் அப்படித்தான். வேலை விட்டு வந்து வாசலில் கட்டிலைப் போட்டுப் படுப்பேன். உள்ளே அவள் குரல் ஓடும். நின்றால் எழுந்து உட்காருவேன்.

"இன்னா, சத்தத்தக் காணோம்?"

உடனே திரும்பவும் ஆரம்பிக்கும்.

இங்கிலீஷை அவள் படிக்கிற வேகத்தைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள். "உன் பொண்ணு டிவியில நியூஸ் படிக்கிற மாதிரி இல்ல படிக்குது" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

காலாண்டில் இங்கிலீஷில் பெயில். மற்றதெல்லாம் பாஸ். அரையாண்டிலும் அப்படியே.

என் மனைவியின் தம்பி விழுப்புரத்தில் பெரிய துணிக்கடையில் வேலை செய்கிறான். அரையாண்டு மார்க்கு வந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டான்.

"பெயிலான பொண்ண வீட்ல குந்த வச்சிக்கினு இன்னா மாமா பண்ணப் போற? எங்க கடையில பொண்ணுங்கள எடுக்குறாங்க. சேலை எடுத்துக் காட்டுற வேலை. மாடியிலயே தங்கிக்கலாம். நான் கண்ணு முன்னாடி பாத்துக்குவேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அந்தக் கடைக்கு ஒரு தீபாவளிக்குப் போயிருக்கிறோம். அங்கே நிற்கிற பெண்கள் எல்லாம் இவள் வயதுக்குக் கொஞ்சம் மேலே. ஆள் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"முழுப் பரீட்சை வரட்டும்" என்றேன். "இங்கிலீஷ்ல பாஸானா பள்ளிக்கூடம். இல்லன்னா கடை."

சொன்னது சொன்னதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இங்கிலீஷ் டீச்சர். சின்ன வயசுப் பெண். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர். போனேன். சட்டையில் நெல் தூசி. உதறிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"உங்க பொண்ணு நல்லா வாசிக்கிறாண்ணா" என்றார்.

"அப்பறம் ஏன் டீச்சர் பெயிலு?"

அவர் மகளைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். மகள் படித்தாள். தெருவே நின்று கேட்ட அதே குரல். ஒரு இடத்திலும் தட்டவில்லை. முடித்ததும் டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"இதுல என்ன நடந்துச்சு? தமிழ்லயே சொல்லு."

மகள் நின்றாள். கை விரலைப் பிடித்து இன்னொரு கையால் முறுக்கினாள்.

"யாரைப் பத்தி? அதாவது சொல்லு. ஆணா, பொண்ணா?"

ஒன்றும் வரவில்லை.

மூட்டை கனமாக இருக்கும் என்று குனிந்து கொடுத்து, தூக்கினால் வெறும் சாக்கு. அப்படி இருந்தது எனக்கு.

டீச்சர் அவளைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. "இவ மட்டும் இல்லண்ணா, கிளாஸே இப்படித்தான். கேள்வியில ஒரு வார்த்தை இருக்கும். அதே வார்த்தை பாடத்துல எங்க இருக்குன்னு தேடுவாங்க. அந்த வரிய அப்படியே எழுதிடுவாங்க. சில நேரம் மார்க் வந்துடும். கேள்விய மாத்திக் கேட்டா போச்சு."

"இப்ப இன்னா பண்றது?"

"சத்தமா படிக்கிறத நிறுத்தணும்."

நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. உக்காந்து பாருங்கண்ணா."

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி மேலே இடித்தது. டீச்சர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். பத்துப் பதினைந்து வரி இருக்கும். "உதடு அசையக் கூடாது. தெரியாத வார்த்தை வந்தா நிக்காதீங்க. கோடு போட்டுட்டு மேல போங்க. என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றார்.

அப்புறம் சத்தமே இல்லை. அத்தனை பிள்ளைகள் இருக்கிற அறையில் ஃபேன் மட்டும் சுற்றியது. தூங்குகிறார்களோ என்று பார்த்தேன். தலை எல்லாம் குனிந்திருந்தது. கண்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

திடீரென்று என் மகள் சிரித்தாள்.

வாயை மூடிக்கொண்டாள். முடியவில்லை. தோள் குலுங்கியது. திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. யாரும் கிச்சுக்கிச்சு மூட்டவில்லை. அவள் எதிரில் ஒரு தாள். அவ்வளவுதான் இருந்தது.

டீச்சர் கேட்டார், "என்ன கதை? அப்பாவுக்குச் சொல்லு."

மகள் எழுந்தாள். "ரெண்டு திருடனுங்க மிஸ். ஒருத்தன் மாட்டுக் கழுத்துல இருந்து மணிய அவுத்துக்கினான். இன்னொருத்தன் மாட்ட ஓட்டிக்கினு போயிட்டான். மணிய வச்சிருக்கவன் கொட்டாய்லயே நின்னு அத ஆட்டிக்கினே கீறான். வீட்டுக்காரன் உள்ள படுத்துக்கினு மணிச் சத்தத்தக் கேக்குறான். மாடு கொட்டாய்லதான் கீதுன்னு தூங்குறான். ஒருவாட்டி இவன் கை வலிச்சி நிறுத்துனான். உள்ள கட்டில் சத்தம் கேட்டுச்சி. இவன் மறுபடியும் ஆட்டுனான். விடியிற வரைக்கும் ஆட்டுனான். அவ்ளோதான் மிஸ்."

"அவன் ஏன் விடியிற வரைக்கும் போகல?"

முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து ஒரு வரியைப் படித்தான். டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். "அது அவன் ஆட்டினதைச் சொல்லுது. ஏன் போகலன்னு கேட்டேன்." இன்னொரு பிள்ளை இன்னொரு வரி படித்தது. அதுவும் இல்லை.

மகள் சொன்னாள். "மணி நின்னா வீட்டுக்காரன் எழுந்துப்பான் மிஸ். கட்டில் சத்தம் அதுதான்."

"அது எந்த வரியில இருக்கு?"

மகள் தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். "எந்த வரியிலயும் இல்ல மிஸ்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"எங்க வீட்லயும் சத்தம் நின்னா கட்டில் சத்தம் கேக்கும் மிஸ். எங்கப்பா."

கிளாஸ் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. சிரிப்பு ஓய நேரம் ஆயிற்று. ஒரு பையன் "மாட்ட ஓட்டிக்கினு போனது யாருடி?" என்று கேட்டான். மறுபடியும் சிரிப்பு. டீச்சரும் அடக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு யோசனை. இந்தத் தாளை எழுதியவர் யாரோ. எங்கள் தெருவைப் பார்த்திருக்க மாட்டார். என் கட்டிலைப் பார்த்திருக்க மாட்டார். எந்த ஊரோ, எந்தத் தேசமோ. அவர் எழுதாமல் விட்டது ஒன்று, என் மகள் மண்டைக்குள் வந்து நின்றுவிட்டது. தாளில் இல்லை. ஆனால் தாளிலிருந்துதான் வந்தது. அவளைக் கிளாஸில் விட்டுவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கண்டக்டர் சொல்லித்தான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் நின்றது.

மனைவிக்குத் தாங்கவில்லை. கரும்பு வெட்டு முடிந்து வருவாள். வந்ததும் எட்டிப் பார்ப்பாள். "குத்துக்கல்லு மாதிரி குந்திக்கினு கீறா. நீயும் பாத்துக்கினு கீற. மாமன் கடையே மேலு."

"படிக்கிறா" என்பேன்.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. உண்மை அதுதான். சத்தம் என்றால் எனக்குக் காது இருக்கிறது. இதை எதை வைத்து அளப்பது? அதனால் கண்ணைப் பார்த்தேன். வரி வரியாகக் கண் போகும். ஒரு இடத்தில் நிற்கும். திரும்பிப் பின்னால் வரும். நெற்றி சுருங்கும். அப்புறம் சுருக்கம் எடுபடும். ஆள் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இங்கே இல்லை. கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருவாள், எங்கேயோ போனவள் மாதிரி.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் திரும்பவும் வந்தான். அவள் எதிரில் போய்க் குனிந்து பார்த்தான்.

"இன்னா பாப்பா, பொஸ்தகத்துல படம் பாக்குறியா?"

"படிக்கிறேன் மாமா."

"வாய் எங்க போச்சி? எலி தூக்கிக்கினு போச்சா?"

என் பக்கம் வந்தான். குரலை இறக்கினான். "மாமா, கடையில கேட்டுக்கினே கீறாங்க. நாலு பேரு வரிசையில நிக்கிறாங்க. ஜல்தி சொல்லு. பரீட்சை வரைக்கும் எடம் நிக்காது."

மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "நீ சொல்லுடா, நான் அனுப்புறேன்" என்றாள்.

இடமும் போய், பரீட்சையும் போனால் என்ன செய்வது? எனக்கும் பயம்தான். முன்னே சத்தத்துக்குள் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது சத்தமில்லாததற்குள்ளும் ஒன்றும் இல்லாவிட்டால்?

மகளைக் கூப்பிட்டேன். "இப்ப படிச்சது இன்னா? சொல்லு."

அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள். ஒரு பாட்டுக்காரப் பெண். காது கேட்காமல் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை மேல் வெறும் காலோடு நிற்கிறாள். மேளம் அடிக்கிற அதிர்வு காலில் ஏறுகிறது. அதை வைத்துத் தாளம் பிடிக்கிறாள். முதல் கச்சேரிக்கு மேடை ஏறுகிறாள்.

மச்சான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

மனைவிதான் கேட்டாள். "அப்பறம்? பாடுனாளா?"

"அவ்ளோதாம்மா குடுத்திருக்காங்க."

"இன்னாடி பேஜாரு இது, மேட ஏத்தி வுட்டுட்டு பாதியில நிறுத்திட்டாங்க? பாடியிருப்பாளா, மாட்டாளா?"

"நீ இன்னா நெனைக்கிறம்மா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "செருப்ப கயட்டிட்டா இல்ல. பாடுவா" என்றாள். அடுப்புக்குப் போய்விட்டாள்.

"பரீட்சை வரைக்கும் அனுப்ப மாட்டேன்" என்று மச்சானிடம் சொன்னேன். "எடம் போனா போவட்டும்." அவன் தலையைச் சொறிந்தான். டீயைக் குடித்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தான்.

அதற்கப்புறம் தினமும் சொல்லச் சொன்னோம். அவள் சொல்வாள். நாங்கள் கேட்போம். தேனீக்கு வழி எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள். கப்பலில் ஏறிப் போன குரங்கு ஒரு நாள். சில நாள் பாதியில் தடுமாறுவாள். "இரும்மா, திரும்பிப் பாக்குறேன்" என்று புத்தகத்தைத் திறப்பாள். மனைவி காத்திருப்பாள். திட்ட மாட்டாள்.

இங்கிலீஷ் பரீட்சை அன்று கமிட்டிக்குப் போகவில்லை. திண்டிவனத்தில் சென்டர். வெளியே புங்கமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறிவிட்டது. வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் அவளாகவே ஆரம்பித்தாள்.

"கேள்வித்தாள்ல ஒரு ஊரு வந்துச்சிப்பா. அங்க பனி கொட்டுமாம். நம்ம பனி இல்ல. ரோட்ட மூடிடுமாம், ஆள் உயரத்துக்கு. ரோடு எது, வயல் எது, ஏரி எதுன்னே தெரியாதாம். அதனால பனிக்கு முன்னாடியே ரோட்டு ரெண்டு பக்கமும் நீட்டு நீட்டுக் கம்பா நட்டு வச்சிடுவாங்களாம். நுனியில செவப்பு அடிச்சி. பனி மூடுனாலும் நுனி மட்டும் தெரியுமாம். ரெண்டு கம்புக்கு நடுவுல போனா ரோடு."

"எல்லா வார்த்தையும் தெரிஞ்சிதா?"

"இல்லப்பா. ஒண்ணு தெரியல. கோடு போட்டுட்டு மேல போனேன். ரெண்டு வரி தள்ளிப் போனதும் அதுவே தெரிஞ்சிடிச்சி."

வெளியே பார்த்தேன். பங்குனி வெயில். ரோடு தார் உருகி மின்னியது. லாரிகள் டோல்கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அந்த வெயிலில் எனக்கு வெள்ளையாக ஒரு நிலம் தெரிந்தது. நான் பார்க்காத நிலம், பார்க்கப் போவதும் இல்லாத நிலம். கம்பு கம்பாகச் சிவப்பு நுனி. யாரோ எழுதியதை இவள் கண்ணால் எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது அது எனக்குள் இருக்கிறது. நாளைக்குக் கமிட்டியில் சொன்னால் அவர்களுக்குள்ளும் போகும். எதுவும் கைமாறவில்லை. எதையும் யாரும் தூக்கவில்லை.

மறுநாள் சொன்னேன். "எங்கய்யா கீது அந்த ஊரு?" என்று கேட்டார்கள். "கம்பு நடுற வேலைக்கு ஆள் எடுக்குறாங்களா?" என்றான் ஒருவன். ஆனால் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ரிசல்ட் வந்த அன்று லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். முதுகில் மூட்டை. சட்டைப் பையில் போன் அடித்தது. மூட்டையை இறக்கிவிட்டு எடுத்தேன்.

"அப்பா, பாஸுப்பா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"சரி" என்றேன். அவளுக்கும் தெரியும், நான் அவ்வளவுதான் சொல்வேன் என்று.

அப்புறம் விழுப்புரத்துக்குப் போட்டேன்.

"மச்சான், கடையில யாரையாவது சேத்துக்க சொல்லு. அவ பதினொண்ணாவது போறா."

"பாஸா?"

"ம்."

"இங்கிலீஷ்லயுமா?"

"இங்கிலீஷ்லயும்தான்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ சேலைக்குக் கலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாயே தொறக்காம எப்படி மாமா பாஸானா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தினமும் எதிரில் உட்கார்ந்து கண்ணையே பார்த்தவன் நான். நடந்தது எல்லாம் என் முன்னால்தான் நடந்தது.

"தெரியல மச்சான்" என்றேன்.