அழுகை நிற்கும் முன்பே எழுந்துவிட்டார்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் மதுரையில் எனக்குத் தைராய்டு கட்டி ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் நர்ஸிடம் தண்ணீர் கேட்டேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மயக்க மருந்தின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். தொண்டைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். வராமலே போய்விடுமா என்று எழுதிக் காட்டினேன். போகவும் கூடும் என்றார்.

நான் யார் என்று சொன்னால்தான் இந்தச் செய்தி எனக்கு எப்படி இருந்தது என்பது உங்களுக்குப் புரியும். காரைக்குடியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பத்தொன்பது வருடமாக எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஈஸ்டர் இரவு பாஸ்கா திருப்பலியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி அல்லேலூயா பாட வேண்டும் அல்லவா? பத்தொன்பது வருடமும் அதை நானே பாடினேன். வேறு ஒருத்தியையும் பக்கத்தில் விடவில்லை. என் கணவரின் தங்கை ரெஜினா இரண்டாம் வரிசையில் நிற்பாள். ஒரு தடவை, நான் பாடட்டுமா மதினி என்று கேட்டாள். உனக்குப் பாட்டு மூக்கால் வருகிறது என்று குழுவில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு. அந்த வாயைத்தான் ஆண்டவர் மூடிவிட்டார் என்று ஊர் பேசும் என எனக்குத் தெரியாதா என்ன?

கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா. கடைக்குப் போனால் எழுதிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்பு. ஜூனில் பள்ளி திறக்கும்போது குரல் இல்லாவிட்டால் நாற்பது பிள்ளைகளை எதை வைத்து மேய்ப்பது? நினைத்து நினைத்து அழுதேன். அழுதாலும் சத்தம் வராது. அந்தக் கொடுமையை அனுபவித்தால்தான் தெரியும். எதிர்வீட்டு ஆச்சி திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயிலுக்குப் போய் எனக்காக விளக்கு வைத்து வேண்டிக்கொண்டு வந்தார்கள். நானும் செபமாலையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் என் செபம் எல்லாம் பேரம்தான். ஈஸ்டருக்குள் குரலைத் தாரும், இல்லாவிட்டால் நான் கோயிலுக்கு வர மாட்டேன் என்று ஆண்டவரிடமே முறுக்கினேன்.

ஈஸ்டர் வந்தது. குரல் வரவில்லை. நான் கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் வீடு செக்காலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்பதால் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. எனக்குப் பதிலாக ரெஜினாவைப் பாட வைத்திருந்தார்கள். மூன்றாவது அல்லேலூயாவில் அவள் குரல் உடைந்தது. ஆண்டவர் உயிர்த்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன பயன், அதுதான் நடந்தது.

அத்தோடு விட்டேனா? ஒரு நேர்ச்சை எடுத்தேன். குரல் திரும்புகிற வரைக்கும் என் வீட்டில் தவக்காலம்தான். தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். நானும் வீட்டுப் பீடத்தில் இருக்கிற, ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அப்படி மூடி வைப்பது வழக்கம். அந்தத் துணியை எடுக்கவில்லை. கறி கிடையாது, பூ கிடையாது. ஈஸ்டர் அன்று தெரு முழுக்கப் பிரியாணி மணக்கிறது, என் வீட்டில் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும். என் கணவர் பாவம், அதையே பிசைந்து சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து மானகிரியில் ஒரு வேலை இருக்கிறது என்று போனார். திரும்பி வந்தபோது மனிதர் மேல் மட்டன் வாடை. பேச முடிந்திருந்தால் அன்று அவர் தப்பியிருக்க மாட்டார்.

ஈஸ்டர் முடிந்த மறு வாரம் வீடு மந்திரிக்கப் பங்குத் தந்தை வந்தார். ஈஸ்டர் தீர்த்தத்தைத் தெளித்துக்கொண்டே பீடத்துக்கு வந்தவர், ஊதாத் துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், ஊருக்கெல்லாம் ஆண்டவர் உயிர்த்துட்டாரு. உங்க வீட்டுல மட்டும் இன்னும் எந்திரிக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. என் குரல் எழுந்தால்தான் எனக்கு ஈஸ்டர், ஃபாதர் என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அவர் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசங்கம் வைக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"கல்லறை வாசல்ல நின்ன மகதலா மரியா அழுகையை நிறுத்துன பெறகா டீச்சர் ஆண்டவர் எந்திரிச்சாரு? அந்தம்மா அழுதுக்கிட்டு இருக்கையிலேயே பின்னாடி வந்து நின்னுட்டாருல்ல?"

அவ்வளவுதான். தீர்த்தம் தெளித்து முடித்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை யோவான் நற்செய்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனை முறை மேடையில் வாசித்த பகுதி! கல்லறை ஏற்கெனவே காலி. ஆண்டவர் ஏற்கெனவே எழுந்தாயிற்று. அது தெரியாமல் அந்த அம்மா அழுகிறாள். அவள் நம்பியதற்குப் பிறகு அவர் எழவில்லை, அவள் பிரச்சினை தீர்ந்த பிறகு எழவில்லை. அட, எனக்கும் அதே கதைதானே! குரல் வந்தாலும் வராவிட்டாலும் அவர் உயிரோடு இருக்கிறார். நான்தான் உயிரோடு இருக்கிறவரைத் துணி போட்டு மூடி, அவருக்கு முன்னால் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய்த் துணியை உருவினேன். நோட்டில், சிக்கன் வாங்கிட்டு வாங்க என்று எழுதிக் கணவரிடம் நீட்டினேன். மனிதர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்தார்.

அடுத்து ஒரு வேலை பாக்கி இருந்தது. கறிக்குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு ரெஜினா வீட்டுக்குப் போனேன். நாளையிலிருந்து சாயங்காலம் வா, அல்லேலூயா சொல்லித் தருகிறேன் என்று எழுதிக் காட்டினேன். அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுத்திலும் திட்டப் போறீகளா மதினி என்று கேட்டாள். கேட்க மாட்டாளா பின்னே?

குரல் இல்லாதவள் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கீபோர்டில் சுருதி காட்டுவேன், மேசையில் தட்டுவேன், கையை ஏற்றி இறக்கி ஆட்டுவேன். அவள் பாடுவாள். முதல் ஞாயிறு அவள் திருப்பலியில் பாடியபோது எனக்கு வயிறு எரிந்தது நிஜம். இரண்டாம் ஞாயிறு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் ஞாயிறு எனக்காகச் செபிப்பதை மறந்து, அவள் மூச்சு தப்பாமல் பாட வேண்டுமே என்று அவளுக்காகச் செபித்தேன். அந்தச் செபத்தில் பேரம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

ஈஸ்டர் போய் ஆறாவது வாரம், விண்ணேற்ற ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை. எங்கள் வீட்டு முன்னறையில் ரெஜினாவுக்குப் பயிற்சி. நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது அல்லேலூயாவில் சுருதி இறங்குகிறது. மறுபடி பாடுகிறாள், மறுபடி இறங்குகிறது. நாலாவது தடவையும் அதே தப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கரண்டியோடு திரும்பி,

"ரெஜினா!"

தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். ஆனால் சத்தம்! என் சத்தம்! முன்னறையில் பாட்டு நின்றது. கணவர் செய்தித்தாளோடு எழுந்து நின்றுவிட்டார். பால் பொங்கி வழிகிறது, அணைக்கத் தோன்றவில்லை. ரெஜினா ஓடி வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"மதினி... இன்னொரு தடவ திட்டுங்க."

மறுபடி கூப்பிட்டேன். கரகரத்துக்கொண்டு வந்தது. அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எம் பேரையா மதினி மொதல்ல கூப்பிட்டீக?"

ஆமாம், அவள் பெயரைத்தான். பத்தொன்பது வருடம் நான் ஒதுக்கி வைத்தவளின் பெயர்தான் எனக்குத் திரும்பக் கிடைத்த முதல் வார்த்தை. ஆண்டவர் செய்கிற வேலையைப் பாருங்கள்! அன்று மூன்று பேரும் அடுப்படித் தரையிலேயே முழங்காலில் நின்று நன்றி சொன்னோம்.

மதுரைக்குப் போய்க் காட்டினோம். டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். அசையாத பக்கம் இன்னும் அசையவில்லையாம். நல்லாயிருக்கிற பக்கம் நடுக்கோட்டைத் தாண்டி எட்டி வந்து அதைத் தொடுகிறதாம், அதனால்தான் சத்தம் என்றார். பயிற்சியை விடாதீர்கள் என்றும் சொன்னார். இன்றுவரை விடவில்லை. செபித்தால் போதும், டாக்டர் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே ஆச்சரியம். செத்துக் கிடக்கிற பக்கத்தைத் தேடி உயிரோடு இருக்கிற பக்கம் எட்டி வருகிறது. இதைத்தானே ஆண்டவர் எனக்கும் செய்தார்?

ஜூனில் பள்ளிக்கூடம் போனேன். பழைய குரல் இல்லை. மேலே ஏறாது, கத்த முடியாது. அதனால் பிள்ளைகள் பேசுவதை முதலில் கேட்கப் பழகினேன். வீட்டிலும் அப்படித்தான். தினம் காலையில் எழுந்ததும், இன்றைக்கு நீர் உயிரோடு இருக்கிறீர் ஆண்டவரே, நானும் எழுந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். உயிர்ப்பு என்பது வருடத்துக்கு ஒரு நாள் திருவிழா என்றே இத்தனை காலம் இருந்துவிட்டேன். கோபத்தை விழுங்குகிற நேரம், மன்னிப்புக் கேட்கிற நேரம், அடுத்தவள் நன்றாகப் பாடும்போது மனமாரக் கை தட்டுகிற நேரம் எல்லாமே அதுதான். இன்னும் தவறுகிறேன். என் வாய் முழுசாகத் திருந்திவிட்டது என்று சொன்னால் கணவர் சிரிப்பார்.

இந்த வருட பாஸ்காவில் ரெஜினாதான் பாடினாள். மூன்றாவதில் சுருதி இறங்கவில்லை. நான் இரண்டாம் வரிசையில், அவள் நின்ற அதே இடத்தில் நின்று என் தகரக் குரலில் பதில் பாடினேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வியாதி தீரவில்லை, பிள்ளைக்கு வழி பிறக்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்று கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒன்று செய்யுங்கள். வருகிற ஞாயிறு என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். எந்தக் குரல் இருக்கிறதோ அந்தக் குரலில் இரண்டு பேருமாகப் பாடுவோம். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், அல்லேலூயா.