மிளகளவு பழுது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு எம்பிராய்டரி மெஷின் நின்றுபோனது.

எங்கள் மெஷின் என்று சும்மா சொல்லிக்கொள்கிறேன். அது என் மனைவி பூங்கொடியின் மெஷின். பல்லடம் ரோட்டில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறாள். இதுவரை பெரிய யூனிட்டுகள் தள்ளிவிடும் மிச்ச வேலைதான். இந்த முறைதான் ஓர் எக்ஸ்போர்ட்டர் நேராக அவளை நம்பி ஆர்டர் கொடுத்திருந்தார் — குழந்தைகள் சட்டை, நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து. வெள்ளிக்கிழமை பீஸ் போய்ச் சேர வேண்டும். பாதிச் சட்டைகளில்தான் வாத்து ஏறியிருந்தது.

சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். திறந்தார். பார்த்தார்.

"பவர் சப்ளை போர்டு போயிடுச்சுங்க மேடம். புதுசு பாம்பேல இருந்து வரோணும். எட்டு நாள் ஆகுமுங்க."

எக்ஸ்போர்ட்டரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். பூங்கொடி வேறு கேள்வி கேட்டாள்.

"போர்டுல எது போச்சுங்க?"

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க. போர்டோட மாத்திருவோம்."

பூங்கொடி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அதை அச்சடித்தோம். அதோடு சரி. பதினோரு வருஷமாக அந்தப் படிப்பை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை... நான் உட்பட.

இன்ஜினியர் போனதும், இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க நான் வாங்கிப் போட்டிருந்த மல்டிமீட்டரை எடுத்துவந்து மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்து... இருக்கறதையும் எரிச்சுப்போடாத."

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

தள்ளினேன்.

ஃப்யூஸில் வைத்தாள். 'பீப்' என்றது. ஃப்யூஸ் நல்லது. டயோடுகள் நான்கும் நல்லது. கரண்டைப் போட்டாள். பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக உள்ளே வருகிறது. ஐந்து வோல்ட்டாக வெளியே போக வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட இல்லை. அந்த ஐந்தைத் தர வேண்டியது மூன்று கால் வைத்த ஒரு ரெகுலேட்டர்.

"அப்ப இதுதான் போச்சு" என்றேன், தெரிந்தவன் மாதிரி.

"இருங்க. இது கொதிக்குதுங்க. பின்னாடி எதோ ஒண்ணு மொத்தத்தையும் இழுக்குது."

டி.வி. மெக்கானிக்கிடம் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி வந்தேன். ரெகுலேட்டரின் ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து பிரித்துவிட்டு அளந்தாள். சரியாக ஐந்து வோல்ட்! நான் பழி போட்டது நிரபராதி மேல். பிறகு கரண்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கால் தூக்கிப் பார்த்தாள். ஃப்யூஸில் நல்ல சேதி சொன்ன 'பீப்', இங்கே ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. ஏழாவதாக, மிளகளவில் ஒன்று. அதைத் தூக்கியதும் மீட்டர் அமைதியானது.

"இதுதானுங்க" என்றாள். கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

அதே மாதிரி ஒன்றை டவுனுக்குப் போய் வாங்கிவந்தேன். பற்றவைத்து, எல்லாவற்றையும் பூட்டி, ஸ்விட்சைப் போட்டாள். ஆபரேட்டர் ஜெபா திருநெல்வேலிக்காரப் பெண். காலையிலிருந்து நூல்கண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"எக்கா... ஊசி ஓடுதுக்கா."

வியாழன் மாலையே பீஸ் போய்விட்டது. மறுநாள் சர்வீஸ் இன்ஜினியர் போன் செய்தார்.

"போர்டு ஆர்டர் போட்டரலாங்களா?"

"வேண்டாமுங்க, சரி பண்ணியாச்சு."

"யாருங்க மெக்கானிக்? நம்பர் கெடைக்குங்களா?"

"என் சம்சாரமுங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதே இல்லை.

நம் வீட்டிலேயே இருக்கும் திறமை நம் கண்ணில் படுவதற்கு ஒரு மெஷின் நின்றுபோக வேண்டியிருக்கிறது. வீட்டில் ஃப்யூஸ் போகும்போதெல்லாம் ஸ்டூல் மேல் ஏறியவன் நான். கீழே டார்ச் பிடித்தவள் அவள். இவ்வளவு தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

இப்போதெல்லாம் டார்ச் பிடிப்பது நான்.