மேட்டுச் சூட்டில் நிறுத்திய இன்ஜின்

"எவன் கை பட்டு இது கெட்டுச்சோ, அந்தக் கையை ஒடிச்சிட்டுத்தான் இங்கேர்ந்து போவன்" என்றார் கோவிந்தப்பன். ஜாக்கி ராடு அவர் கையில் இருந்தது. கூட இரண்டு ஆட்கள். மாடு கட்டி இழுத்து வந்த அவருடைய கார் ரிப்பேர்க் கொட்டகை வாசலில் நின்றது. அதைத் தொட்டவர்கள் இரண்டே பேர்: மெக்கானிக் யேசுராஜ், அவருடைய சொந்த டிரைவர் ஜெபதுரை.

யேசுராஜின் வலது கையை மூக்கண்டப்பள்ளி முழுக்கத் தெரியும். பெங்களூரில் விமான இன்ஜின் பிரிக்கும் பட்டறை ஒன்றில் இருந்தவர். மேஸ்திரியை அறைந்ததால் வேலை போய், ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டவர். லாரி டிரைவர்கள் அவரிடம் ரிப்பேருக்கும் வருவார்கள், அறையும் வாங்குவார்கள். அதிகம் வாங்கியவன் ஜெபதுரை. அவன் யேசுராஜின் தங்கை லூர்தம்மாளின் கணவன். அவளை அவன் அடிப்பான், அவனை இவர் அடிப்பார். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நான் எதிர்வீட்டிலிருந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோவிந்தப்பனின் கார் அமெரிக்க வண்டி, பின்னால் இன்ஜின். தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அறுபத்தெட்டில் வாங்கினார். தொரப்பள்ளிப் பக்கத்தில் நிலபுலம் உள்ளவர். வண்டி வந்த அன்றே யேசுராஜ் மூடியைத் திறந்து, நத்தை போல் சுருண்டிருந்த ஓர் இரும்பைக் காட்டினாராம்.

"இது டர்போ, எஜமான். புகை போற வேகத்துல உள்ள சக்கரம் சுத்தும். அது இன்ஜினுக்குக் காத்தை அடைச்சுக் குடுக்கும். இந்த மெல்லிசு பைப்புல வர்ற எண்ணெய்தான் அதுக்கு உசுரு. மேடு ஏறினதும் ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா ஓடி ஆறட்டும்."

"நிக்கிற வண்டிக்கு பெட்ரோல் ஊத்தறதா? பைத்தியமாடா உனக்கு?"

இந்தப் பக்கத்து டிரைவர்களின் வழக்கம் வேறு. ராயக்கோட்டை மேட்டின் உச்சிக்கு வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, இறக்கம் முழுக்க வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். "எல்லாரும் வுடற மாதிரி இதையும் வுடு" என்று கோவிந்தப்பன் யேசுராஜின் எதிரிலேயே ஜெபதுரைக்கு உத்தரவு போட்டிருக்கிறார். சில மாதங்களில் வண்டி நீலப்புகை கக்கி, அறுபடும் பன்றி போல் அலறி, நின்றுவிட்டது.

இப்போது யேசுராஜ் எண்ணெய்க் குழாயைக் கழற்றிக் கல்லில் தட்டினார். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டியது போல் கரி உதிர்ந்தது. சக்கரத்தை விரலால் அசைத்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"சூட்டோட நிறுத்தி நிறுத்தி உள்ள எண்ணெய் வெந்து கரியாயிருக்குது" என்றார்.

"அப்ப டிரைவர் கைதான்."

ஆட்கள் ஜெபதுரையைப் பிடித்தார்கள். முதல் அடி முதுகில், அடுத்தது வாயில். "மச்சான்! மச்சான்!" என்று ரத்தத்தோடு கத்தினான். யேசுராஜ் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். தங்கை வாங்கிய அடிகளுக்கெல்லாம் கணக்குத் தீர்ந்திருக்கும்.

"அவனை வுடுங்க. எறக்கத்துல ஆஃப் பண்ணச் சொன்னது நீங்க. இதே எடத்துல."

கோவிந்தப்பன் ஜெபதுரையின் தலைமுடியைப் பற்றி நிமிர்த்தினார். "நானா சொன்னன்? சொல்றா. யாரு சொன்னது?"

ஜெபதுரை உதட்டு ரத்தத்தை நக்கினான். "மச்சான்தான் சொன்னாரு."

யேசுராஜ் பாய்ந்தார். ஓர் ஆளின் மூக்கு உடைந்தது. அதற்குள் மற்றவன் அவரைக் காரின் மேல் சாய்த்து, வலது கையை மட்கார்டில் வைத்து அழுத்தினான். ராடு விழுந்த வேகத்தில் எலும்போடு தகரமும் நசுங்கியது. அந்தப் பள்ளம் கடைசிவரை வண்டியில் இருந்தது.

அன்று சாயங்காலமே லூர்தம்மாள் துணி மூட்டையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வண்டியைத் தொட வேறு ஆள் அகப்படவில்லை. கோவிந்தப்பன் அதை மறுபடி இங்கேயே அனுப்பினார். யேசுராஜும் ஏற்றுக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, போய்க் கேட்டேன்.

"வண்டி என்னப்பா பண்ணுச்சு?" என்றார்.

அது பெருந்தன்மையா, பயமா, வேறு ஏதாவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் அந்தச் சக்கரத்தைத் தாங்க வெண்கல புஷ் ஒன்றை லேத்தில் கடையச் சொல்லி வாங்கினார்கள். யேசுராஜ் சொல்லச் சொல்ல லூர்தம்மாள் குழாயைச் சுத்தம் செய்தாள், புது எண்ணெய் ஊற்றினாள், நட்டுகளை முறுக்கினாள். கட்டுப் பிரித்தபோது அவர் கை கோணியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. அவள்தான் அவருக்கு வலது கை.

வண்டி சரியாகிப் போய்ச் சில வாரங்கள் கழித்து, மேடு ஏறிய சூட்டோடு கொட்டகை எதிரில் வந்து நின்றது. உள்ளே ஜெபதுரை மட்டும்.

"வூட்டுக்கு வாடி."

லூர்தம்மாள் ஸ்பேனரோடு வெளியே வந்தாள். "ஆஃப் பண்ணிட்டு எறங்கு."

"சூடா இருக்குது. ஒடனே ஆஃப் பண்ணக்கூடாது."

"யாரு சொன்னது?"

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். "மச்சான்."

"அன்னிக்கு இதைச் சொல்ல ஏன்டா வாய் வரல?"

ஸ்பேனர் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் அவன் தோளில் விழுந்தது. கண்ணாடித் தூள் கன்னத்தில் குத்தி ரத்தம் வழிந்தது. சத்தம் கேட்டு யேசுராஜ் உள்ளேயிருந்து வந்து ஜன்னலோரம் நின்றார். அறை விழும் என்று ஜெபதுரை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

யேசுராஜ் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். அது ஆறும்வரை அங்கேயே நின்றார். பிறகு இடது கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார்.