பனிமலையில் வைக்கச் சொன்ன டம்ளர்

எங்கள் ஊரில் ஒருவனைப் பார்த்து இன்னொருவனுக்கு வயிறு எரிந்தால், 'அவனுக்குப் புகையுது' என்பார்கள். சரியான சொல். எரிவது கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். புகைவது அப்படியில்லை, ஈர விறகு மாதிரி நாள் கணக்கில் கிடந்து புகையும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை முழுக்க நான் அப்படித்தான் புகைந்தேன்.

அப்போது மதுரையில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது என் வேலை. கல்யாணத்துக்குக் குடம் வாங்குகிறவர், காதுகுத்துக்குத் தாம்பாளம் வாங்குகிறவர் எல்லோரும் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "பேரு நல்லா பெருசாத் தெரியணும்ணே" என்பார்கள். சிற்றுளியை வைத்துத் தட்டித் தட்டி ஊரில் உள்ளவர் பெயரையெல்லாம் வெட்டிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் உளி கிடையாது. அன்றைக்கு மலை.

எங்களுக்கு ஒரு சின்ன மலையேற்றக் குழு இருந்தது. ஒரு வாரம் யானைமலை, ஒரு வாரம் நாகமலை. அதில் என் பால்ய சிநேகிதனும் உண்டு. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டர் என்றுதான் பெயர்; யானைமலையில் அவன் பாதி தூரம் வருவதற்குள் நான் உச்சியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பேன். அந்த வருஷம் இமயமலையில் நடக்கும் முகாமுக்கு எங்கள் குழுவிலிருந்து ஒரு ஆளை அனுப்பலாம் என்று வந்தபோது, எல்லோரும் அவனைத்தான் சொன்னார்கள்.

"அவருக்கு இங்கிலீஷ் வரும்ணே" என்றான் குழுவில் ஒருவன்.

"மலைக்கு வருமா?" என்றேன்.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்குப் புகைய ஆரம்பித்தது.

நான் போகாவிட்டாலும் என் பெயராவது போகட்டும் என்று, ஒரு எவர்சில்வர் டம்ளரில் என் பெயரையும் ஊரையும் வெட்டினேன். எந்த மாப்பிள்ளைக்கும் அப்படி வெட்டியதில்லை. ரயில் ஏறும்போது அவன் கையில் கொடுத்து, "மாப்ள, உச்சியில ரெண்டு கல்லுக்கு நடுவுல இதை வச்சுட்டு வந்துரு" என்றேன். "வச்சுட்டாப் போச்சு" என்றான்.

பக்கத்தில் நின்ற அவன் அம்மாவுக்கு வேறு கவலை. "மலையேறப் போறேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியாதடா. விளக்கு அணைஞ்சாத்தான் மலையேறிருச்சும்பாக. மலைக்குப் போயிட்டு வாரேன்னு வாய் நிறையச் சொல்லு."

போனான். முகம் தோல் உரிந்து, கறுத்து, திரும்பி வந்தான். தெருவே அவன் வீட்டில் கூடிவிட்டது. தீர்த்தம் எங்கே, ருத்ராட்சம் எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினார்கள்.

"அங்கேருந்து ஒரு பூ, ஒரு கல்லு எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றான்.

"பெறகு இம்புட்டு நாளா என்னதான் செஞ்ச?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"குப்பை பொறுக்குனேன்."

வீடே சிரித்தது. அவன் அசரவில்லை. முன்னால் போனவர்கள் விட்டுவிட்டுப் போன தகர டப்பா, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஆளுக்குக் கொஞ்சம் கீழே சுமந்து வந்தார்களாம். விறகு ஒடிக்கக் கூடாதாம். அந்த உயரத்தில் ஒரு செடி முழங்கால் அளவு வளர்வதற்குள் ஒரு ஆளுக்கு மீசை நரைத்துவிடுமாம். சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில். வெளிக்கி போக வேண்டுமென்றால் ஓடையை விட்டுத் தள்ளிப் போய், குழி தோண்டி, மண் தள்ளி மூட வேண்டும்.

"பூனை கணக்கா!" என்றது ஒரு குரல்.

"பூனைக்கு இருக்குற அறிவு நமக்கு இல்லைன்னுதான் சொல்லிக் கொடுக்குறாங்க" என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. அவன் எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். எனக்குப் புகை இன்னும் கூடியது.

கூட்டம் கலைந்ததும் பையிலிருந்து என் டம்ளரை எடுத்து நீட்டினான். ஓரத்தில் ஒரு நசுங்கல்.

"ஏன்டா, என் பேரு அங்கே இருந்தா உனக்குக் குறைஞ்சா போகும்?"

"அங்கே குளிர்ல எதுவும் மக்காது மாப்ள. நீ போட்ட வாழைப்பழத் தோலை உன் பேரன் வந்து பார்ப்பான். எதையும் விட்டுட்டு வரக் கூடாதுன்னு கண்டிசன். ஆனா ஒண்ணு, எல்லாரும் இதுலதான் டீ குடிச்சோம். கூட்டிப்போனவரு எழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, 'இவரு ஏன் வரலை, டம்ளரை மட்டும் அனுப்பியிருக்காரு?'ன்னு கேட்டாரு."

அதுவரை அவன் மேல் மட்டும் இருந்த பொறாமை அந்த டம்ளர் மேலும் வந்தது. பனியைப் பார்த்த டம்ளர்! அதில் காப்பி குடிக்கவே மனசில்லாமல் பரணில் தூக்கிப் போட்டேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் ஒரு இடம் வந்தது. போய் வந்தவனே ஆளைச் சொல்ல வேண்டும் என்றார்கள். குழுவில் ஒரு பாங்க் குமாஸ்தா அவன் பின்னாலேயே டீ வாங்கிக்கொண்டு திரிந்தான். நான் வாய் திறந்து கேட்கவில்லை. சிநேகிதனே ஒரு நாள் கடைக்கு வந்து, உளிச் சத்தத்துக்கு நடுவில் சொன்னான்: "பாறையில பேரு எழுதி வச்ச ஆளை அனுப்ப வேணாம்னு முகாம்ல சொல்லிட்டாங்க மாப்ள."

யானைமலைச் சரிவில் சிவப்புப் பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு, ஒத்தக்கடையில் இறங்கித் தனியாக ஏறினேன். மலையின் மேல் பரிவு பொங்கியெல்லாம் போகவில்லை. அந்தக் குமாஸ்தா பனியில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கை தானாகத் தேய்த்தது. மதியத்துக்குள் பெயின்ட் போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் வெளுத்து, எழுத்து எழுத்தாக நின்றது.

பின்னாலிருந்து சத்தம். மூச்சு வாங்க ஏறி வந்திருந்தான் சிநேகிதன். "இப்பத்தான்டா நல்லா வாசிக்க முடியுது. பஸ்ஸுல இருந்தே தெரியும் போல."

அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, எழுத்துகளுக்கு நடுவிலும் சுற்றியும் தேய்க்க ஆரம்பித்தேன். அவனும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிரஷை வாங்கிக்கொண்டான். மாறி மாறித் தேய்த்ததில் சாயங்காலம் அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. இறங்கும்போது, "உன்னைத்தான் சொல்லப் போறேன்" என்றான். குமாஸ்தா அப்புறம் அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை.

மே மாதம் மதுரை ஜங்ஷனில் ரயில் ஏறினேன். அவன் தன் கம்பளிக் குல்லாயைக் கொடுத்தான். காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு தூங்காதே என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மூட்டையையே பார்த்தான். வண்டி அசைந்தது.

"இந்த வருசம் பனி ரொம்பக் கம்மியாம் மாப்ள" என்றான், கூடவே நடந்துகொண்டு. "நான் பார்த்த மாதிரியெல்லாம் இருக்காது."

நன்றாகப் புகைந்துகொண்டிருந்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திண்டுக்கல் தாண்டுகிற வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.