புடைப்போடு சுட்ட பொம்மை

என் வயிற்றில் இரண்டு முறை கத்தி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை குடல்வால் சீழ்பிடித்து வெட்டினார்கள். அந்தத் தழும்பு ஆறி நாளாவதற்குள் உள்தையல் விட்டுப்போய், குடல் வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வந்துவிடும். இருமினாலோ தென்னங்குரும்பை அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஆலங்குடியில் கடலைக் கடை வைத்திருக்கிறேன். மூட்டையைத் தூக்கித் தராசில் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டே கொஞ்ச காலம் வியாபாரம் பார்த்தேன். "மொதலாளி நெஞ்சுல கை வச்சுச் சத்தியம் பண்ணுவாகன்னு பாத்தா, வயித்துல கை வச்சுப் பண்றாக" என்று கடலை கொண்டுவருகிறவர்கள் கேலி செய்தார்கள்.

புதுக்கோட்டை டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா தைச்சா நிக்காதுங்க. சதை நைஞ்சுபோயிருக்கு. தொடையிலேருந்து ஒரு பட்டை எடுத்து ஒட்டுப் போடணும்."

"வயித்துக்குத்தானே கோளாறு, தொடை என்ன பாவம் பண்ணுச்சு டாக்டர்?" என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கட்டளை போட்டார். "வெயிட்டு தூக்கக் கூடாது. இருமல், தும்மல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க. நிக்க வச்சு இருமச் சொல்வேன். புடைப்பு வரலைன்னா கடைக்குப் போகலாம்."

"வந்துட்டா?"

"இன்னொரு தொடை இருக்குல்ல" என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தலையணையும் நானும் ஈருடல் ஓருயிர். மூக்குப்பொடி போடுவதை நிறுத்தினேன். என் மனைவி கடுகு தாளிக்கும் முன் வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்: "ஏங்க, மொளகா போடப் போறேன்!" உடனே நான் தலையணையோடு தெருமுனைக்குப் போய் நிற்பேன். நெடி அடங்கியதும் திரும்பி வருவேன். சாப்பிட்டவுடன் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பார்ப்பேன். கேப்பைக் களி நிறைந்திருக்கும் வயிறு புடைக்காமல் என்ன செய்யும்? "வந்துருச்சு, வந்துருச்சு" என்று படுத்துவிடுவேன். "களிங்க அது" என்பாள் அவள்.

இத்தனை வருடம் என் கேலியில் மாட்டிய சொந்தக்காரர்கள் எல்லாம் பழி வாங்க இதுதான் சமயம் என்று கிளம்பிவிட்டார்கள். ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, என்னைச் சிரிக்க வைக்கவே கதை சொன்னார்கள். குலுங்கிச் சிரித்தால் ஒட்டு விட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கேத வீட்டில் இருப்பவன் மாதிரி முகத்தை வைத்திருந்தேன். நான் சிரிக்காமல் இருந்ததுதான் ஊருக்குப் பெரிய சிரிப்பு.

இதற்கிடையில் என் மனைவி ஒரு விஷயத்தை மெதுவாக அவிழ்த்தாள். நான் மயக்கத்தில் கிடந்தபோது அய்யனாருக்கு வேண்டிக்கொண்டாளாம். நான் பிழைத்து வந்தால், ஊரார் மண்குதிரை சுமந்து போகும் குதிரை எடுப்பு அன்றைக்கு மண்ணில் வயிற்று உரு செய்து, அதை நானே என் தலையில் சுமந்து வந்து கோயிலில் வைப்பதாக.

"தலையிலயா? டாக்டர் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாரே."

"உள்ளங்கை அகலத்துக்குத்தாங்க இருக்கும். வேளார்ட்ட சொல்லிட்டேன்."

வேளார் எங்கள் பக்கத்தில் மண்ணில் குதிரையும் உருவும் செய்து தருகிறவர். திருவிழா நெருங்கியதும் தலையணை சகிதம் அவர் சூளைக்குப் போனேன். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் ஆசாமி இடுப்பில் கை வைத்து நின்றான். வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு குரும்பை.

"வேளாரே, இது என்ன?"

"நீங்கதாங்க."

"வயித்த மட்டுந்தானே செய்யச் சொன்னா?"

"வெறும் வயித்த வச்சா யாரு வயிறுன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

"சரி, இந்தப் புடைப்பு எதுக்கு? எனக்குத்தான் சரியாப் போச்சே!"

"என்ன கோளாறுன்னும் தெரியணும்ல? ஒங்க கடைக்குக் கடலை போட வந்தப்ப நல்லாப் பாத்துக்கிட்டுத்தாங்க செஞ்சேன்."

மண்ணில் வந்தது சதையிலும் வந்துவிட்டால்? "கொஞ்சம் செதுக்கி வுட்ருங்க" என்று கெஞ்சினேன்.

"சுட்டாச்சுங்க. இனிமேத் தட்டினா வயித்துல ஓட்டைதான் விழும்."

தலையணையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை கனம் தூக்கக் கூடாதே என்று கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, "சம்சாரம் தூக்கட்டும், நீங்க ஒரு வெரல வச்சுக்கிட்டு வாங்க, அதுவே சொமந்த மாதிரி" என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே கிளம்பினோம். முன்னால் கொட்டு, அதன்பின் குதிரைகள், பின்னால் என் மனைவி தலையில் நான். ஒரு கையின் ஆள்காட்டி விரல் பொம்மை மேல், இன்னொரு கையில் தலையணை.

பாதி வழியில் வேளார் பக்கத்தில் வந்தார். "ஆத்தா, கனமா இருக்கா?"

மூச்சு வாங்க அவள் சொன்னாள்: "இவுக கனம் எனக்குப் புதுசா? கலியாணம் ஆன நாள்லேருந்து தலையிலதானே வச்சிருக்கேன். இதாச்சும் வாயப் பேசாம வருது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பல்லைக் கடித்தேன், உதட்டைக் கடித்தேன், அய்யனாரைக் கூப்பிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து பீறிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சிரிப்பு புரையேறி இருமலானது. இருமலோடு சாம்பிராணிப் புகை சேர்ந்து தும்மலானது. தலையணை எப்போதோ கீழே விழுந்து மிதிபட்டுக் கிடந்தது.

அடங்கியதும்தான் உறைத்தது. போச்சு. நடுரோட்டில் வேட்டி முடிச்சைத் தளர்த்தித் தழும்பைத் தடவினேன். கொட்டுக்காரர்கள் கொட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளும் பொம்மையோடு திரும்பினாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"என்னங்க?"

மறுபடி தடவினேன். தட்டையாக இருந்தது. நின்றபடி ஓங்கி ஒருமுறை இருமினேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இல்ல" என்றேன். "ஒண்ணுமே இல்ல."

"அப்ப இந்தாங்க, ஒங்கள நீங்களே புடிங்க" என்று பொம்மையை இறக்கப் போனாள். விரலை மறுபடி வைத்துக்கொண்டு, "ஒரு மாசம் இருக்கு, நட" என்றேன்.

அந்த மாதம் கழிந்ததும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் நிற்க வைத்து, வயிற்றில் கை வைத்து, இருமச் சொன்னார். நான் பூனைக்குட்டி மாதிரி இருமினேன்.

"இதெல்லாம் இருமலா? நல்லா இருமுங்க."

"நல்ல இருமலையெல்லாம் அய்யனார் கோயில் ரோட்டுல இருமித் தீத்துட்டேன் டாக்டர்" என்று நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சொன்ன இடம் வந்ததும் அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லாப் புடிச்சிருச்சு. கடைக்குப் போங்க. மூட்டைய மட்டும் ஆள் வச்சுத் தூக்குங்க" என்றார்.

மண் ஆசாமி அய்யனார் கோயில் மரத்தடியில் குதிரைகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறான். மழையிலும் வெயிலிலும் மூக்கு உதிர்ந்துவிட்டது, புடைப்பு மட்டும் உதிரவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி, வயிற்றில் கை வைத்து, ஒரு தடவை இருமிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.